கிரிட் மதிப்பீட்டுக் கேள்வி: வரிசைகளை வடிகட்டுவதும் ‘தெரியாது’ என்ற தெரிவை வைப்பதும்

கேள்வி

வணக்கம். லைம்சர்வே என்ற இணையக் கருத்தாய்வு மென்பொருளில் வாடிக்கையாளர் கருத்தாய்வு ஒன்றை அமைத்து வருகிறேன். முதல் கேள்வியில், 12 சேவைகளுள் தாம் பயன்படுத்தியவற்றைப் பதிலளிப்பவர் தேர்ந்தெடுக்கிறார். அடுத்தது கிரிட் கேள்வி, அதாவது சேவைகள் வரிசைகளாகவும் மதிப்பெண்கள் நெடுவரிசைகளாகவும் அமைந்த அட்டவணை. அந்தச் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தர வேண்டும். முதல் கேள்வியில் தேர்ந்தெடுத்த சேவைகள் மட்டுமே கிரிட்டில் வரிசைகளாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக 12 தனித்தனி நிபந்தனைகளை எழுதத்தான் வேண்டுமா? வரிசைகளை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் காட்டினால், இறுதித் தரவில் ஒரு சேவையின் மதிப்பெண் இன்னொன்றின் கீழ் பதிவாகிவிடும் வாய்ப்பு உண்டா? மேலும், ‘தெரியாது’ என்பதை 5க்கு அடுத்து ஆறாவது தெரிவாக, 6 என்ற குறியீட்டுடன் சேர்க்குமாறு ஆய்வைக் கோரியவர்கள் வற்புறுத்துகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் காரணத்தை அவர்களுக்குத் தெளிவாக விளக்க முடியவில்லை.

முதல் பதில்

வணக்கம். 12 நிபந்தனைகள் தேவையில்லை. கிரிட் கேள்வியை அரே (அட்டவணை) வகையில் உருவாக்கி, அதன் லாஜிக் அமைப்புகளில் உள்ள ‘அரே ஃபில்டர்’ என்ற இடத்தில் முதல் கேள்வியின் குறியீட்டை மட்டும் இடுங்கள். இரண்டு கேள்விகளிலும் துணைக் கேள்விகளின், அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உரிய வரிகளின், குறியீடுகள் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருள் சேவையின் பெயரைப் பார்ப்பதில்லை, குறியீட்டைத்தான் பொருத்திப் பார்க்கிறது. ஆகவே பெயரில் சிறு திருத்தம் செய்தாலும் வடிகட்டல் கெடாது. கேள்வியைக் கட்டாயமாக்கினாலும், மறைந்திருக்கும் வரிசைகளுக்குப் பதில் கேட்டு அது பதிலளிப்பவரைத் தடுக்காது.

கலைத்துக் காட்டுவதைப் பற்றிய அச்சமும் வேண்டாம். கிரிட் என்பது உண்மையில் ஒரே தெரிவுப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் பல ஒற்றைத் தெரிவுக் கேள்விகளின் தொகுப்புதான். ஒவ்வொரு துணைக் கேள்விக்கும் தரவில் தனி நெடுவரிசை உண்டு. திரையில் அது எந்த இடத்தில் தோன்றினாலும் விடை அதே நெடுவரிசையில்தான் சேரும். டைமென்ஷன்ஸ் போன்ற, கருத்தாய்வுகளை நிரலாக எழுதும் ஸ்கிரிப்ட் மொழிகளில் கிரிட்டை ஒரு லூப்பாகவே (ஒரே கேள்வி ஒவ்வொரு வரிசைக்கும் திரும்ப வரும் சுழற்சியாக) எழுதுகிறோம் என்பதால், அங்கே பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

இரண்டாவது பதில்

‘தெரியாது’ பற்றி நான் சொல்கிறேன். ஏனெனில் இந்த ஒரு முடிவு பகுப்பாய்வு முழுவதையும் பாதிக்கக்கூடியது. ஒரு சேவைக்கு மூவர் முறையே 4, 5, ‘தெரியாது’ எனப் பதில் அளித்ததாகக் கொள்வோம். சரியான சராசரி 4.5. ‘தெரியாது’ என்பதற்கு 99 என்ற குறியீட்டைக் கொடுத்து, அதை விடுபட்ட மதிப்பாக (கணக்கில் சேர்க்கக் கூடாததாக) அறிவிக்க மறந்துவிட்டால் சராசரி 36 என வரும். பார்த்த மாத்திரத்தில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 6 என்ற குறியீட்டைக் கொடுத்து மறந்தால் சராசரி 5 என வரும். அது நம்பத்தகுந்த எண்ணாகத் தோன்றுவதால், யார் கண்ணிலும் படாமல் அறிக்கை வரை சென்றுவிடும். ஆய்வைக் கோரியவர்களிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள்.

திரையில் அது தோன்றும் இடமும் முக்கியம். ஐந்து தெரிவுகளில் நடுவில் இருப்பது 3. அதே அகலத்தில் ஆறாவதும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியும் நடுப்புள்ளி 3க்கும் 4க்கும் இடையே நகர்ந்துவிடுகிறது. கருத்தாய்வு முறைகளை ஆராயும் டூராஞ்சோ, கூப்பர், கான்ராட் ஆகியோர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பதிலளிப்பவர்கள் இந்தக் காட்சி நடுப்புள்ளியைப் பின்பற்றுவதையும், ‘தெரியாது’ போன்ற தெரிவுகளைப் பிரித்துக் காட்டுவதன் அவசியத்தையும் எடுத்துக்காட்டியது. எனவே சிறு இடைவெளியோ கோடோ இட்டு அதை அளவுகோலிலிருந்து விலக்கிவையுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கேள்வி கட்டாயமாக இல்லாவிட்டால், ‘பதில் இல்லை’ என்ற நெடுவரிசையை லைம்சர்வே இயல்பாகவே சேர்த்துவிடும். ‘தெரியாது’ என்பதும் அதுவும் அருகருகே நின்றால் பதிலளிப்பவர் குழம்புவார். ஆகவே கேள்வியைக் கட்டாயமாக்குங்கள், அல்லது அந்த நெடுவரிசையைக் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குறியீடுகளை ஒன்றாக்கியதும் வடிகட்டல் சரியாக இயங்குகிறது. 36, 5 கணக்கைக் காட்டியதும் 99க்கும் சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் கைபேசியில் கிரிட் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிகிறது. பல சேவைகளைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பக்கம் மிக நீண்டுவிடுகிறது. இதை ஆறு ஆறு வரிசைகளாக இரண்டு கேள்விகளாகப் பிரித்தால் அரே ஃபில்டர் வேலை செய்யுமா?

மூன்றாவது பதில்

வேலை செய்யும். இரண்டு கிரிட்டுகளிலும் அதே முதல் கேள்வியின் குறியீட்டையே ஃபில்டராக இடலாம். ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள துணைக் கேள்விகளை மட்டுமே பொருத்திப் பார்க்கும். பிரிப்பதை நானும் ஆதரிக்கிறேன். நீண்ட கிரிட்டில் சலிப்படைந்தவர்கள் எல்லா வரிசைகளிலும் ஒரே எண்ணைத் தொட்டுக்கொண்டே போகிறார்கள். அத்தகைய விடைகளைப் பிறகு நீக்குவதைவிட, அவை உருவாகாதபடி கேள்வியை அமைப்பதே பதிலளிப்பவருக்கு நாம் தரும் மரியாதை. ஆனால் பிரித்த பின் வரிசைகள் அந்தந்தக் கிரிட்டுக்குள் மட்டுமே கலையும் என்பதால், முதல் கிரிட்டின் சேவைகள் எப்போதும் முன்னதாகவே தோன்றும். அந்தச் சாய்வு உங்கள் ஆய்வுக்கு முக்கியமானால், இரு கிரிட்டுகளில் எது முதலில் தோன்றும் என்பதையும் சீரற்றதாக்குங்கள். பிரிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆய்வைச் செயல்படுத்திய (பதில்களைப் பெறத் திறந்துவிட்ட) பின் துணைக் கேள்விகளைச் சேர்க்கவோ நீக்கவோ லைம்சர்வே அனுமதிப்பதில்லை.