பாம்பன் பாலத்தில் ஊர்ந்தா ஹீட் ஏறுது, வேகம் எடுத்தா இறங்குது

கேள்வி:
பெட்ரோல் கார். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை ஹீட் காட்டுற முள் நடுவிலேயே நிக்குது. பாம்பன் பாலத்துல வண்டிகள் தேங்கி ஊர்ந்தா முக்கால்வாசிக்கு மேல ஏறுது. ஏசி காத்தும் அப்போ சூடாகுது. தங்கச்சிமடம் தாண்டி வேகம் எடுத்ததும் இறங்கிடுது. கூலண்ட் குறையல. தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுற வால்வு) மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா அண்ணே?

மண்டபத்திலிருந்து பதில்:
இப்போ மாத்த வேண்டாம் தம்பி. தெர்மோஸ்டாட் திறக்காம சிக்கியிருந்தா வேகத்துல போகும்போதும் ஹீட் ஏறும். ஓடும்போது எதிர்காத்தே ரேடியேட்டரைக் குளிர வைக்குது. நின்னா எல்லாம் ஃபேன் பொறுப்பு. ஏசியும் கூடவே சூடாகுதுன்னா ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற ஏசி கண்டன்சருக்கும் காத்து போகல. ஃபேனைத்தான் பார்க்கணும்.

ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா முதல்ல பியூஸைப் பாருங்க, அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்). பியூஸ் பாக்ஸ்ல அதே நம்பர்ல இன்னொரு ரிலே இருந்தா இடம் மாத்திப் பாருங்க. கடைசியா ஃபேன் சாக்கெட்டைக் கழட்டி, பியூஸ் வச்ச வயர்ல பேட்டரியிலிருந்து நேரா 12 வோல்ட் குடுங்க. கை, சட்டை ஃபேன்கிட்ட போகக்கூடாது.

கேட்டவர்:
நேரா குடுத்தா வேகமா சுத்துது. ஏசி போட்டா மந்தமா சுத்துது, ஹீட் ஏறினாலும் வேகம் கூடல.

கீழக்கரையிலிருந்து பதில்:
அப்போ மோட்டார் நல்லாருக்கு. ரெண்டு வேக ஃபேனா இருந்தா ஏசிக்கு மந்தமா சுத்துறது சரிதான். ஹீட் ஏறியும் கூடலைன்னா ஹை ஸ்பீடு ரிலேயையும் பாருங்க. ஆனா இந்தக் கடற்கரையில முதல் சந்தேகம் எர்த் (ஃபேன்லேர்ந்து பாடிக்குப் போற நெகட்டிவ் வயர்) மேலதான். உப்புக்காத்துல வயர் நுனி, சாக்கெட் பின் ரெண்டும் பச்சை பூத்துடும். பார்வைக்கு இறுக்கமா இருக்கும், கரண்ட் போகாது.

ஃபேன் ஓடும்போதே மல்டிமீட்டரை டிசி-ல வச்சு, பேட்டரி நெகட்டிவுக்கும் ஃபேனோட எர்த் பின்னுக்கும் நடுவுல அளங்க. அரை வோல்ட் காட்டினாலே எர்த் சரியில்ல. பாடியில முடுக்குற இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சு, வயர் நுனியில புது லக் (முடுக்குற வளையம்) அடிச்சு, முடுக்கினப்புறம் மேல வாசலின் பூசுங்க.

கையோட கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. தனுஷ்கோடி ரோட்டு மணல் உப்போட சேர்ந்து அங்க அடைஞ்சிரும். என்ஜின் ஆறினப்புறம், என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து நல்ல தண்ணியை மெதுவா விடுங்க. பிரஷர் கன் வேண்டாம், தகடு மடங்கிடும். விரல் பட்டாலே தகடு உதிர்ந்தா ரேடியேட்டரே மாத்தணும்.

மண்டபத்திலிருந்து:
போர்வெல் தண்ணியை ரேடியேட்டர் உள்ள ஊத்தாதீங்க, உவர் தண்ணி உள்குழாயை அடைச்சு அரிச்சிடும். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. சூட்டோட மூடியைத் திறக்கவே கூடாது. வேலை முடியிறதுக்குள்ள பாலத்துல மாட்டினா ஏசியை அணைச்சு, என்ஜின் சூட்டை இழுக்க ஹீட்டரை முழுசா வச்சு, கண்ணாடியை இறக்கிடுங்க. முள் சிவப்பைத் தொட்டா ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திடணும்.