வயிற்று ஸ்கேன்: அம்மாவுக்கு வெறும் வயிறு, தம்பி மனைவிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஏன்?

சாட்ஸ்வர்த் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 67. சர்க்கரைக்குக் காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறார். வலது விலாவுக்குக் கீழே வலி என்று டாக்டர் வயிற்று அல்ட்ராசவுண்ட் எழுதியிருக்கிறார். 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதாம். அதே வாரம் தம்பி மனைவிக்கு அடிவயிற்று ஸ்கேன். அவளை 1 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மிஷின் ஒன்றுதானே, ஏன் இப்படி? அம்மாவின் மாத்திரையை என்ன செய்வது?

டர்பன் சோனோ:
அக்கா, மிஷின் ஒன்றுதான், பார்க்கும் உறுப்பு வேறு. வலியின் இடத்தைப் பார்த்தால் டாக்டர் பித்தப்பைக் கல்லைத்தான் சந்தேகப்படுகிறார். பட்டினி இருக்கும்போதுதான் பித்தப்பை பித்தம் நிறைந்து உப்பி நிற்கும். கொழுப்பு உள்ளே போனதும், பால் விட்ட டீயாக இருந்தால்கூட, சுருங்கத் தொடங்கும். சுருங்கிய பையின் சுவர் தடித்தது போலத் தெரியும். பட்டினியில் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் அழற்சியா என்று யோசிப்போம். சாப்பிட்டு வந்தவரிடம் அந்த அளவை நம்ப முடியாது. சிறு கல்லும் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

அடுத்தது காற்று. ஒலி காற்றைத் தாண்டிப் போகாது. தோலில் ஜெல் தடவுவதே இடையில் உள்ள காற்றை விரட்டத்தான். குடலில் காற்று நிறைந்திருந்தால் பின்னால் இருக்கும் கணையம் தெரியவே தெரியாது. ஆகவே முந்தின ராத்திரி பீன்ஸ் கறி, பருப்பு, முட்டைகோஸ் வேண்டாம். காலையில் சூயிங்கம், சிகரெட், கோலா எதுவும் கூடாது. எல்லாமே வயிற்றில் காற்றைச் சேர்க்கும்.

மேஜையில் படுத்ததும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். கல்லீரல் விலாவுக்குக் கீழே இறங்கிவரும். இடப்பக்கம் புரளவும் சொல்வார்கள். கல் என்றால் வெள்ளையாக மின்னும், பின்னால் கருநிழல் விழும், புரண்டால் உருளும். நிழலில்லாமல் சுவரில் ஒட்டியே நின்றால் பெரும்பாலும் பாலிப், அதாவது சுவரில் வளர்ந்த சிறு சதை. பித்தப்பைக்கு நேர் மேலே புரோபை (தோலில் வைத்து நகர்த்தும் கருவியை) அழுத்தும்போது வலித்தால் அம்மா உடனே சொல்ல வேண்டும். அதுவே ஒரு தடயம். வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் முன்னாலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தடயம் மங்கிவிடும்.

மருந்துக்கடை அண்ணன்:
மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. ஆபத்து கிளிமிபிரைடில்தான்: சாப்பாடு இல்லாமல் அது உள்ளே போனால் சர்க்கரை சடசடவென்று இறங்கும். மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. வழக்கமாக இரண்டையுமே ஸ்கேன் முடிந்து, முதல் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் கேட்காமல் நீங்களாக மாற்றவே கூடாது. பிரஷர் மாத்திரையை ஒரு வாய் வெறும் தண்ணீரோடு போடலாம்.

முன்கூட்டியே போன் செய்து "சர்க்கரைக்காரர், காலையில் முதல் ஆளாக எடுங்கள்" என்று கேளுங்கள். மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை லிட்டருக்கு 4 மிலிமோலுக்குக் கீழே போனாலோ, வியர்த்து நடுங்கினாலோ, ஸ்கேன் கெடுமே என்று தயங்காதீர்கள்: 3, 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரைத் தண்ணீரில் கொழுப்பு இல்லை, படமும் பெரிதாகக் கெடாது. இன்னொன்று: கோயில் விரதத்தில் பாலும் பழமும் கூடும், இதில் கூடாது. பெரியவர்களிடம் "விரதம்" என்று மட்டும் சொன்னால் பால் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள்.

ஃபீனிக்ஸ் செவிலி:
தம்பி மனைவிக்கு: நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிடும். ஒலி அதன் வழியாகத் தடையின்றிப் போவதால் கருப்பையும் சூலகங்களும் தெளிவாகத் தெரியும். ஒன்றரை மணி நேரம் முன்பு சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு 1 லிட்டர் குடித்து, ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். வாசலில் நின்று மடமடவென்று குடித்தால் பயனில்லை, சிறுநீரகம் வடிக்க நேரம் வேண்டுமே. அளவுக்கு மீறி நிரம்பினாலும் கெடுதல்: கருப்பை பின்னால் தள்ளப்படும், சிறுநீரகமும் வீங்கியது போலக் காட்டும். தாங்க முடியாவிட்டால் சொல்லட்டும், கொஞ்சம் விட்டுவரச் சொல்வார்கள். உள்வழி ஸ்கேன் (யோனி வழியாக எடுப்பது) என்றால் இதற்கு நேர்மாறு, சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும்.

கர்ப்பம் என்றால் நாள் கணக்குக்கு 14 வாரத்துக்குள் எடுப்பதுதான் சரி. தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை வைத்துச் சொன்னால் 5 முதல் 7 நாள்தான் முன்பின் ஆகும். கடைசி மாதங்களில் முதல் தடவை எடுத்தால் 3 வாரம் வரை தப்பலாம். உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 22 வாரம்.

சாட்ஸ்வர்த் மகள்:
மிக்க நன்றி. அம்மாவின் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

டர்பன் சோனோ:
வலி நின்றிருந்தால் இருக்கலாம், நிற்காவிட்டால் இல்லை. பித்தநாளத்தின் கீழ்முனையில் சிக்கிய கல்லைச் சிறுகுடல் காற்று மறைத்துவிடும். நாளம் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். சிறுநீர்க்குழாயில் இறங்கிய சிறு கல்லுக்கு சி.டி.தான். வயிற்றுப் புண் இதில் தெரியாது. கண் மஞ்சளானால், காய்ச்சலோ குளிரோ வந்தால், அறிக்கைக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள்.

சீட்டில் "வயிற்று ஸ்கேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, "பித்தப்பைக் கல்லா?" என்ற கேள்வியையும் எழுதி வாங்குங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பார்ப்பது வேறு, சும்மா பார்ப்பது வேறு. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கிராமப்புற மருத்துவமனையிலிருந்து வந்த ஃபேஷ் (FASH) என்ற ஸ்கேன் முறையே அப்படித்தான்: எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோயா என்று, இதயத்தையும் நுரையீரலையும் சுற்றிய நீர், வயிற்று நீர், பெருத்த நிணநீர்க் கணு, மண்ணீரலில் கரும்புள்ளி என்று குறிப்பிட்டவற்றை மட்டும் தேடுவார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்புத் திட்டம்) இருந்தால் சீட்டில் நோயைக் குறிக்கும் ஐ.சி.டி.-10 குறியீடும் இருக்கிறதா பாருங்கள். பழைய ஸ்கேன் அறிக்கை எதுவானாலும் கொண்டுபோங்கள்.