நாத்தோ சாப்பிட்டா எலும்பு பலமாகுமா? அம்மாவுக்காகக் கேக்கறேன்

செந்தூல் மகள்:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு 64 வயசு, இப்ப எடுத்த எலும்பு ஸ்கேன்ல எலும்பு அடர்த்தியக் காட்டற டி-ஸ்கோர் மைனஸ் 2.7, ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு போற நோய்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாரத்துக்கு ஒரு மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் குடுத்திருக்காங்க. வாட்ஸப்புல யாரோ ஜப்பான்காரங்களுக்கு நாத்தோங்கற புளிக்க வச்ச சோயாபீனாலதான் எலும்பு உடையறதில்லன்னு அனுப்பி விட, அம்மா மாத்திரையே வேணாம் அத வாங்கிட்டு வான்னு ஒரே பிடிவாதம். நம்ம தெம்பேயும் சோயாபீன்தானே, அது போதாதா? வால்வு ஆபரேஷன் பண்ணதுல இருந்து வார்ஃபரின் சாப்பிடறாங்க, மத்தபடி சுகர் பிரஷர் ஒன்னும் இல்ல.

பாயான் பாரு அண்ணன்:
தங்கச்சி, நாத்தோ வாங்காதீங்க. கடைசி வரில சொன்னீங்களே வார்ஃபரின், அதுதான் இங்க முக்கியமான விஷயம். நான் ஃபார்மசில வேல பாக்கறேன், அதனால அழுத்தியே சொல்றேன். வார்ஃபரின் ரத்தம் உறையாம இருக்க வைட்டமின் கே வேலைய தடுக்குது, நாத்தோல இருக்கறதோ அதே வைட்டமின் கே2, அதுவும் 100 கிராம்ல கிட்டத்தட்ட 1000 மைக்ரோகிராம். அந்த குட்டி டப்பா ஒன்னு சாப்பிட்டாலே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு) எறங்கிடும், அந்த கே2 ரத்தத்துல நாள்கணக்குல தங்கும், வால்வுல ரத்தக்கட்டி வந்தா ஸ்ட்ரோக் வரைக்கும் போகலாம். ஜப்பான்லயே வார்ஃபரின் சாப்பிடறவங்கள நாத்தோ தொடாதீங்கன்னுதான் சொல்றாங்க. கே2 மாத்திரை தனியா விக்கறாங்க, அதுவும் கூடாது.

செராஸ் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. அந்த மெசேஜ் முழுப் பொய்யும் இல்லமா, எலும்புல கால்சியத்த புடிச்சி வைக்கிற ஆஸ்டியோகால்சின்ங்கற புரோட்டீனுக்கு கே2 வேணும், நாத்தோ நெறைய சாப்பிடற கிழக்கு ஜப்பான்ல இடுப்பெலும்பு முறிவு மேற்க விட கம்மின்னும் பாத்திருக்காங்க. ஆனா ஆராய்ச்சி ஒரே மாதிரி வரல. நெதர்லாந்துல மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு தெனம் 180 மைக்ரோகிராம் கே2 3 வருஷம் குடுத்ததுல எலும்பு தேயறது கொஞ்சம் கொறஞ்சிச்சு, நார்வேல அதவிட கூட குடுத்து ஒரு வருஷம் பாத்தும் வித்தியாசம் இல்ல. அத நம்பி டாக்டர் மாத்திரைய நிறுத்தறது ரொம்ப ஆபத்து, இந்த வயசுல ஒரு தடவ பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு உடைஞ்சா திரும்ப எழுந்து நடக்கறதே பெரும்பாடு.

தெம்பே வேற கதை. நாத்தோ பாக்டீரியால புளிக்க வைக்கறது, கொழகொழன்னு நூல் நூலா வரும், தெம்பே ரைசோபஸ்ங்கற பூஞ்சையால புளிக்க வைக்கறது, கே2 ரொம்ப கொறச்சல். ஆனா 100 கிராம்ல 19 கிராம் அளவுக்கு புரோட்டீன் இருக்கு, புளிக்கும்போது, கால்சியம் சேர விடாம தடுக்கற ஃபைட்டேட் கொறையறதால அதுல இருக்கற கால்சியம் உடம்புல நல்லா சேரும். சும்மா சோயாபீன விட இது மேல்னு நான் நினைக்கறேன். கால்சியம் 100 மில்லிகிராம் பக்கம்தான், அம்மாவுக்கு தெனம் 1000ல இருந்து 1200 வேணும். அதனால ராகி கஞ்சி, பால், முள்ளோட இக்கான் பிலிஸ் (நெத்திலி) இதெல்லாம் சேத்துக்கோங்க. தெம்பேய எண்ணெய்ல மூழ்க விட்டு பொரிக்காம மெல்லிசா வெட்டி மஞ்சள் உப்பு போட்டு தோசைக்கல்லுல சுட்டு எடுத்தா நல்லா இருக்கும். சோயா சாஸ், தாவ்ச்சியோ (புளிக்க வச்ச சோயாபீன் விழுது) இதுலல்லாம் உப்புதான் அதிகம், எலும்புக்குன்னு சொல்லி ஊத்தாதீங்க.

செந்தூல் மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அண்ணா எழுதினத அப்படியே அம்மாவுக்கு படிச்சி காட்டினேன், வால்வுன்னதும் அமைதியாயிட்டாங்க, மாத்திரைய சாப்பிடறேன்னுட்டாங்க. பசார்ல வாழை இலைல கட்டின தெம்பே வாங்கினேன், ஓரத்துல கருப்பு கருப்பா இருக்கே, கெட்டுப் போச்சா?

செராஸ் அக்கா:
கருப்பு ஒன்னும் இல்லமா, பூஞ்சை முத்தி விதை விட்டிருக்கு, அவ்வளவுதான். ரோஸ் கலர் இருந்தாலோ, பிசுபிசுன்னு ஆகி அம்மோனியா வாடை அடிச்சாலோ தூக்கிப் போட்ருங்க.

பாயான் பாரு அண்ணன்:
தெம்பேயும் இன்னைக்கு ஒரு கட்டு, அப்புறம் ஒரு மாசம் ஒன்னுமே இல்லன்னு இருக்க வேணாம், ஒரே அளவா குடுங்க, கீரையும் அப்படித்தான். அடுத்த ஐஎன்ஆர் டெஸ்டுக்குப் போறப்ப சாப்பாட்டுல என்ன மாத்தினீங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க.