அண்ணனுக்கு மூக்குல அரிதான கேன்சர்: அடுத்த வாரமே ஆபரேஷன்ங்கறாங்க, ஒத்துக்கலாமா?

திருப்பூர் தங்கச்சி:

வணக்கங்க. எங்கண்ணனுக்கு 47 வயசு, பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பொங்கலுக்கு முன்னாடி இருந்தே வலது மூக்கு மட்டும் அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. பஞ்சுத் தூசின்னு விட்டுட்டோம். காட்டின இடத்துலயும் சைனஸ்னு ரெண்டு மாசம் மாத்திரை, ஸ்பிரே. அப்புறம் ரத்தம் வந்துச்சு, ரசம் தாளிக்கற வாசமே தெரியலைன்னார். போன வாரம் வலது கண்ணு லேசா முன்னால தள்ளிடுச்சு, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்கறார். பயாப்ஸியில "சைனோநேசல் அன்டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா"ன்னு வந்திருக்கு. மண்டையோட்டு அடி வரைக்கும் போயிருக்காம். கண்ணையும் எடுக்க வேண்டி வரலாம்ங்கறாங்க. அண்ணி சாப்பிட்டே மூணு நாளாச்சு. வேற இடத்துல காட்டினா நாள் போயிடுமோன்னு பயமா இருக்கு. இதுல பொழைச்சவங்க யாராச்சும் இருக்காங்களாங்க?

லேப்காரன்:

பன்னண்டு வருஷமா பேத்தாலஜி லேப்ல டெக்னீஷியனா இருக்கேன். அன்டிஃபரன்ஷியேட்டட்னா, எந்தச் செல்லோட சாயலும் தெரியலைன்னு அர்த்தம். மத்தது எதுவும் இல்லைன்னு ஒண்ணொண்ணாக் கழிச்சுட்டு கடைசியா வைக்கிற பேர் அது. லிம்ஃபோமா, மெலனோமா, நட் கார்சினோமா, இதெல்லாம் வேற வேற கேன்சர். ஆனா அந்த இடத்துல வந்தா மைக்ராஸ்கோப்புல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். செல்லுல எந்தப் புரதம் இருக்குன்னு காட்டுற ஐ.எச்.சி. சாயம் போட்டாத்தான் பிரியும். ரிப்போர்ட்ல நட், ஐ.என்.ஐ-1, சினாப்டோஃபைசின்னு அந்தச் சாயச் சோதனை வரிகள் இருக்கான்னு பாருங்க. லிம்ஃபோமாவா இருந்தா பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது. ஸ்லைடோட பிளாக்கையும் கேட்டு வாங்குங்க, பயாப்ஸி எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற கட்டி அது. வெயில்ல நிக்கற வண்டியில மட்டும் வைக்காதீங்க, மெழுகு இளகிடும்.

மேலூர் அக்கா:

தங்கச்சி, எங்க வீட்டுக்காரருக்கும் இதே பேர்தான், 2020 ஆகஸ்ட்ல. இன்னைக்குக் காலையிலயும் கடைத்தெருவுக்குப் போய் பேப்பர் வாங்கிட்டு வந்தாரு. மொதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ.

எங்களையும் உடனே வெட்டணும்னுதான் சொன்னாங்க, அட்வான்ஸ் கூட கட்டிட்டோம். என் தம்பிதான் பிடிவாதமா நின்னு, டியூமர் போர்டு இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபைலைத் தூக்கிட்டுப் போனான். ஈ.என்.டி., கீமோ, ரேடியேஷன், நியூரோ சர்ஜன் எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து பார்க்குறது அது. அவங்க சொன்ன வழி வேற. மொதல்ல கீமோ. ரெண்டு சைக்கிள், அதாவது ரெண்டு சுத்து மருந்து முடிஞ்சதும் ஸ்கேன். கட்டி நல்லா சுருங்குனா, கீமோவோட சேர்த்து ரேடியேஷன். சுருங்கலைன்னா ஆபரேஷன், அதுக்குப் பின்னால ரேடியேஷன்.

ஏன் அப்படின்னு கேட்டேன். ஹூஸ்டன்ல இருக்கற எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரி 95 பேரைப் பார்த்து 2019ல வெளியிட்ட ஆய்வை டாக்டர் காட்டுனாரு. கீமோவுக்குக் கட்டி சுருங்கி, ரேடியேஷனோட முடிச்சவங்கள்ல 5 வருஷம் இந்த நோய்க்குப் பலியாகாதவங்க 81 சதவீதம். சுருங்குன பிறகும் ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 54. சுருங்காதவங்க கணக்கு அப்படியே தலைகீழ்: ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 39, செய்யாதவங்கள்ல ஒருத்தரும் இல்லை. ஒரே ஆஸ்பத்திரிக் கணக்கு, அதை அளவுக்கு மேல நம்பக்கூடாதுன்னும் அவரே சொன்னாரு. அதனால கத்தியே கூடாதுன்னு நான் சொல்லலை. எப்ப கத்தி வைக்கறதுங்கறதை கீமோ காட்டட்டும்.

எங்க வீட்டுக்காரருக்குக் கீமோவுல சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடுன்னு ரெண்டு மருந்து. மூணாவது வாரமே கண்ணு உள்ள போச்சு, நான் அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன். ரேடியேஷன் 33 தடவை, முகத்துக்கு அளவெடுத்து மாஸ்க் செஞ்சு மேசையோட பூட்டிடுவாங்க. நாலாவது வாரத்துல வாய் முழுக்கப் புண்ணு, கஞ்சித் தண்ணி கூட எரியும். மூக்கு வழியா குழாய் போட்டோம். 71 கிலோ இருந்தவர் 58க்கு வந்துட்டாரு. காதுல இன்னும் ரீங்காரம் இருக்கு. வாசம் திரும்பவே இல்லை. மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்து, "வாசமா இருக்கா"ன்னு என்கிட்டதான் கேப்பாரு.

எல்லாருக்கும் இப்படி அமையலை. பக்கத்துப் படுக்கையில இருந்த தம்பிக்கு கீமோ கேக்கலை, ஆபரேஷன் செஞ்சும் ஏழே மாசம். உன்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை.

திருப்பூர் தங்கச்சி:

அக்கா, படிச்சுட்டு அழுதுட்டேன். லேப்காரண்ணா, ரிப்போர்ட்ல நீங்க சொன்ன மூணு வரியும் இல்லீங்க. நாளைக்குக் காலையில பிளாக் வாங்கிட்டு, ராத்திரி ரயில்ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போறோம்.

மேலூர் அக்கா:

போயிட்டு வாம்மா. ஸ்கேன் படத்தை சி.டி.யோட எடுத்துக்கோ, வெறும் பேப்பர் ரிப்போர்ட் பத்தாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கையில இருக்கட்டும். சொத்தைப் பல் இருந்தா அங்கேயே சொல்லிடு. ரேடியேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பிடுங்கி ஆறணும், அப்புறம் பிடுங்குனா தாடை எலும்பு ஆறாமப் போயிடலாம். எங்களுக்கு நாலு பல் எடுத்தாங்க. ரெண்டு ரெண்டாத் தெரியற கண்ணோட அண்ணனை ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்ட விடாத.