எக்நாக்: பெட்டியில் வாங்கியதும் அடுப்பில் காய்ச்சியதும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்களுக்கு அது முதல் டிசம்பர். கடையில் பால் அடுக்கியிருக்கும் இடத்தில் புதிதாக எக்நாக் பெட்டிகள் வந்திருந்தன. பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் குடிக்கிற பானம் அது. எல்லோரும் அள்ளிக்கொண்டு போகிறார்களே என்று நாங்களும் ஒன்று வாங்கினோம். உருகின ஐஸ்கிரீம் மாதிரி கெட்டி. தித்திப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு மடக்கோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மஞ்சள் கருவின் திடப்பொருள் 1 சதவீதம் இருந்தாலே இங்கே அதை எக்நாக் என்று விற்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டியவர். "பெட்டியில் இருப்பதை வைத்து முடிவு பண்ணாதே, நாளைக்கு என் சமையலறைக்கு வா" என்றார்.

ஆறு மஞ்சள் கருவோடு அரை கப் சர்க்கரை போட்டு, நிறம் வெளுக்கும் வரை அடிக்கச் சொன்னார். கை வலித்தது, விடவில்லை. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு கப் பாலும் ஒரு கப் கிரீமும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்தார். அந்தச் சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக முட்டையில் ஊற்றி, ஊற்ற ஊற்றக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் எல்லாம் திரும்ப அடுப்புக்கு, சிறு தீயில். வெப்பமானி 71 டிகிரி செல்சியஸ் காட்டியதும் உடனே இறக்கிவிட்டார். கிருமிக்கு அது போதும், அதற்கு மேல் போனால் முட்டை திரிந்துவிடும் என்றார். வடிகட்டி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில்.

மறுநாள் குழந்தைகளுக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் பெரியவர்கள் டம்ளரில் ரம் விட்டார். கடைசியாக முழு ஜாதிக்காயை எடுத்து மேலே துருவினார். பொடியாக விற்பதில் இந்த வாசனை கிடைக்கவே கிடைக்காது.

அடுத்த வருஷம் தனியாகச் செய்தேன். அவசரத்தில் பால் முழுவதையும் ஒரே தடவையாக ஊற்றிவிட, முட்டை பொரியல் மாதிரி திரண்டுவிட்டது. அத்தனையையும் கொட்டிவிட்டு, மறுபடி ஆறு முட்டை உடைத்தேன். அந்தச் சமயம் திண்டுக்கல்லிலிருந்து அம்மா வந்திருந்தார். நான் துருவும்போது மணத்தைப் பிடித்துவிட்டார். "கைக்குழந்தைக்குக் கல்லில் உரசிக் கொடுக்கிற ஜாதிக்காய்தானேடி இது!" வயசுக்கு வந்தபோது பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததைச் சொல்லி, "இப்படிக் கொடுத்திருந்தால் அழாமல் குடித்திருப்பேன்" என்றார். ரம் இல்லாமல் இரண்டு டம்ளர் குடித்தார்.

நியூஜெர்சியிலிருந்து ஒருவர்:

எனக்கு அறிமுகமானது கோக்கிட்டோ. கூட வேலை பார்க்கும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் வருஷா வருஷம் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருவார். தேங்காய்ப் பால், கண்டென்ஸ்டு மில்க், பட்டை, வெள்ளை ரம். அவர் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. தேங்காய்ப் பாலில் வளர்ந்த நாக்குக்கு இதுதான் சட்டென்று பிடிக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் தாராளமாகச் செய்து பாருங்கள்.

நுண்ணுயிரியல் படித்த ஒருவர்:

பச்சை முட்டையில் செய்து வாரக்கணக்கில் ஊறவைக்கும் வகையும் உண்டு. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை வகைப்படுத்திய ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டின் செய்முறை அது. போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கியும் ரம்மும் நிறையச் சேரும். அங்கேயே வேண்டுமென்று, பச்சை முட்டையில் வரக்கூடிய சால்மொனெல்லா கிருமியைக் கலந்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் கிருமி உயிரோடுதான் இருந்தது, மூன்றாவது வாரத்தில் இல்லை. அதனால் பச்சை முட்டையில் செய்து அன்றைக்கே குடிப்பதை, ரம் எவ்வளவு ஊற்றியிருந்தாலும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில், மேலே சொன்ன 71 டிகிரிதான் சரி. ரம்மும் வேண்டாம்.

முதலில் எழுதியவர்:

71 டிகிரியை விடப்போவதில்லை. ஆனால் லான்ஸ்ஃபீல்ட் செய்முறையைப் பாட்டியிடம் சொன்னதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி விருந்து (தேங்க்ஸ்கிவிங்) முடிந்த வாரமே ஒரு ஜாடி கலக்கி, மேலே தேதி எழுதி ஒட்டி, அவர் ஃபிரிட்ஜின் பின்தட்டில் வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் திறப்போம்.