கடல் வருது எண்ட நாளில் எதிரே வந்தவர்கள்

2012 ஏப்ரல் 11. வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் மாமி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தா. பின்னேரம் இரண்டு மணி தாண்டி நிலம் லேசாக ஆடியது. சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நடுக்கம், சுனாமி எச்சரிக்கை என்று ரேடியோ சொல்லி முடிக்கும் முன்பே ஒழுங்கையில் சத்தம்: "கடல் வருது!"

2004ஐக் கண்ட ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாவியைத் தாண்டி டவுணுக்குப் போகும் புதுப் பாலம் அப்போது திறக்கவில்லை. 1924இல் கட்டிய ஒடுங்கிய பழைய பாலத்தை நோக்கித்தான் அத்தனை சனமும், சைக்கிளும், ஆட்டோவும், ஆடும். மாமி காணி உறுதியை வீட்டில் விட்டுவிட்டு, வருசத்துக்கு வாங்கிய சேலைப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தா. பக்கத்து வீட்டுக்காரர் கேற்றைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். பாதி வழியில் திரும்பி ஓடி, மறுபடி இழுத்துப் பார்த்தார். கடலைப் பூட்டு தடுக்காது என்று அவருக்குத் தெரியும். பயத்திலும் கை பழகியதைத்தான் செய்யும்.

ஆனால் எதிரே கடற்கரைப் பக்கம் போனவர்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சித்தப்பாவைக் காணவில்லை என்று நானும் அந்தப் பக்கம் ஓடினேன். 2004 அலையில் கோபுரம் சரிந்த கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலடியில் இருபது முப்பது பேர், போனை உயர்த்திப் பிடித்தபடி. "உசிர் வேணாமா?" என்று கத்தினேன். "வந்தா ஓடுவம் அண்ணன்" என்றான் ஒரு பொடியன். கோபம் வந்தது. ஓடித் தப்ப முடிந்திருந்தால் இந்தக் கரையில் அத்தனை பேரை நாங்கள் இழந்திருப்போமா?

சித்தப்பா அவர்களை விட்டுத் தள்ளி நின்றார். கையில் போன் இல்லை.

"வாங்க சித்தப்பா, போவம்."

"அண்டைக்கு நான் டவுணுக்குப் போயிட்டன் மனே. சின்னவள எப்பிடிக் கொண்டு போச்செண்டு நான் பாக்கல்ல. ஒருக்காப் பாக்கணும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன்.

கடலடித் தட்டு மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. எச்சரிக்கையை எடுத்த பிறகு வீடு திரும்பி, மாமி மறுபடி அடுப்பை மூட்டினா. சித்தப்பா படியில் இருந்தபடி என்னைக் கேட்டார்:

"அண்டு காலமயும் கடல் இப்பிடித்தான் சும்மா கிடந்திருக்குமா?"