டாக்ஸி கதவுக்கு 6.5 இன்ச் மிட்பேஸ்: 94 டிபியா, 91 டிபியா?

மண்டபம் டிசையர்:
எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் டூரிஸ்ட் சவாரி ஓட்டுறேன். ஹெட் யூனிட் (டேஷ்போர்டுல இருக்கிற பாட்டு செட்) புதுசு, அட்டையில ‘50 வாட் x 4’னு போட்டிருக்கு. முன் கதவுல வண்டியோட வந்த ஸ்பீக்கர்தான். தவில் கேட்டா வலந்தலை மட்டும் டக்டக்குன்னு வருது, தொப்பிப் பக்கத்துக் கனமான அடி எங்கிட்டுப் போச்சுன்னே தெரியலை. பாம்பன் பாலத்துல கண்ணாடிய இறக்கிட்டா மிச்சமும் காத்தோட போயிருது. டிக்கி லக்கேஜுக்கு வேணும், அதனால சப்வூஃபர் பெட்டிக்கு இடமில்லை. ஆம்ப்ளிஃபயரும் இப்போதைக்கு முடியாது. கம்மி வாட்டுல நல்லா அடிக்கிற மிட்பேஸ், அதாவது நடு பேஸுக்கான ஸ்பீக்கர் வேணும். ராம்நாட்ல ஒரு கடையில ரெண்டு ஜோடி காட்டுறாங்க. ஒண்ணு 94 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு), 8 ஓம் (மின்தடை). இன்னொண்ணு 91 டிபி, 4 ஓம். 94ஐ எடுத்துரலாமா?

தொண்டி கடலோடி:
94தான். 3 டிபி கூடன்னா பாதி வாட்லயே அதே சத்தம். இதுல யோசிக்க என்ன இருக்கு?

கீழக்கரை ரேடியோ செட்:
யோசிக்க நிறைய இருக்கு. கல்யாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் செட் போடுற ஆளு நான், கார் வேலையும் உண்டு. தம்பி, முதல்ல அந்த 50 வாட்ட மறந்துருங்க. அது உச்சக் கணக்கு. 14 வோல்ட்ட வச்சுக்கிட்டு ஹெட் யூனிட் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தர்றது 20 வாட்டுக்குப் பக்கம்தான். 8 ஓம் மாட்டுனா அதுல பாதி.

அடுத்து, அந்த 91 எப்படி அளந்ததுன்னு பெட்டியில பாருங்க. ‘1 வாட், 1 மீட்டர்’னு இருந்தா உங்க வண்டியில அதுவும் அந்த 8 ஓம் 94ம் ஒரே சத்தம்தான், ஏன்னா 4 ஓம் ஸ்பீக்கர் ரெண்டு மடங்கு வாட் வாங்கிக்கும். ‘2.83 வோல்ட்’னு இருந்தா கதை வேற. அந்த வோல்ட்டுக்கு 8 ஓம்ல 1 வாட், 4 ஓம்ல 2 வாட். அப்ப அந்த 91 வாட் கணக்குக்கு 88தான், 94 நிசமாவே 3 டிபி கூட. எப்படி அளந்ததுன்னே போடாத பெட்டிய நான் கையில எடுக்கறதில்லை.

இப்ப முக்கியமான இடம். 94 டிபி எங்கிருந்து வருது? லேசான பேப்பர் கோன், பெரிய காந்தம், ஓரத்துல மடிப்புத் துணி. மேடைக்குப் போடுற ஜாதி அது. அதோட ரெசனன்ஸ், அதாவது கோன் தானா அதிர்ற அதிர்வெண், சுருக்கமா எஃப்எஸ், பெரும்பாலும் 90, 100 ஹெர்ட்ஸுக்கு மேலதான் நிக்கும். அதுக்குக் கீழ சத்தம் சரசரன்னு இறங்கிரும். நல்ல கீழ் பேஸ், சின்னப் பெட்டி, அதிகச் சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும்னு ஹாஃப்மன் விதி ஒண்ணு இருக்கு. கேஎல்எச் ஸ்பீக்கர் கம்பெனியில அந்த ‘எச்’ அவருதான். வேப்பமரத்துல கட்டுற குழாயப் பாருங்களேன், கொஞ்ச வாட்டுல ரெண்டு ஊருக்குக் கேக்கும், ஆனா தவில வச்சா தகரத்துல தட்டுன மாதிரி இருக்கும். 92 டிபி ஸ்பீக்கரே உள்ள போற பவர்ல 1 சதவீதத்தைத்தான் சத்தமாக்குது. மிச்சம் காயில்ல சூடு.

மிட்பேஸ்னா ஏறக்குறைய 80ல இருந்து 300 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் இருந்தா 94ஐ 100 ஹெர்ட்ஸ்ல வெட்டி விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம். உங்களுக்கு அது இல்லை. அதனால 4 ஓம்ல, எஃப்எஸ் 60, 70க்குள்ள, வாட் கணக்குக்கு 89, 90 டிபி வர்றதைத் தேடுங்க. ஹெட் யூனிட்ல ஹை பாஸை, அதாவது கீழ்ச் சத்தத்தை வெட்டுற ஃபில்டரை, 80ல வைங்க, கோன் வீணா ஆடாது.

ஆனா காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பழைய ஸ்பீக்கர் ஒயர்ல 1.5 வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொடுங்க. ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் வச்சா ரெண்டு பக்கமும் கோன் வெளிய தள்ளணும். ஒரு பக்கம் உள்ள போனா ஒயர் மாறிக் கிடக்கு, தொப்பி அடிய ரெண்டும் சேந்து ஒண்ண ஒண்ணு தின்னுருது. புது ஹெட் யூனிட் மாட்டுன வண்டில இதை அடிக்கடி பாக்கிறேன்.

மண்டபம் டிசையர்:
காக்கா, பேட்டரி வச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் வெளியதான் தள்ளுது. கதவைத் திறந்தா உள்ள மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்தான் இருக்கு, பெரிய பெரிய ஓட்டை. அது பரவாயில்லையா? கடைக்காரர் எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்துன பலகை) ரிங் வச்சு மாட்டித் தர்றேங்குறார்.

கீழக்கரை ரேடியோ செட்:
அந்த ஓட்டைதான் உங்க முதல் எதிரி. கோனுக்குப் பின்னாடி போற சத்தம் அது வழியா வந்து முன்னாடி சத்தத்தைக் கரைச்சிரும். ஓட்டைய கெட்டித் தகடு வச்சு அடைச்சு, மேல பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்குற ஒட்டு ரப்பர்) ஒட்டுங்க. வெளித் தகட்டுக்கும் ஸ்பீக்கர் நேர் பின்னாடி ஒரு ஷீட். கதவு அடியில இருக்கிற மழைத்தண்ணி ஓட்டைய மட்டும் தொடாதீங்க, அடைச்சா தண்ணி தேங்கித் துருப்பிடிச்சிரும். கண்ணாடி ஏறி இறங்குற வழியையும் பாத்து ஒட்டுங்க.

எம்டிஎஃப் நம்ம கரைக்கு வேண்டவே வேண்டாம், ஈரம் குடிச்சு ஊதிரும்.

பாம்பன் போட் பட்டறை:
இடையில வர்றேன். மரைன் பிளைல ரிங் வெட்டி, ஃபைபர் போட்டுக்கு அடிக்கிற ரெசின் ரெண்டு கோட் குடுங்க. வெட்டு ஓரத்தை விட்டுராதீங்க, தண்ணி அங்கதான் ஏறும். ஸ்க்ரூ எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். ஒயர்ல காப்பர் கலர் பூசுன அலுமினியம் நிறைய விக்கிறாங்க, சுரண்டிப் பாத்து வாங்குங்க. வெள்ளீயம் பூசுன செம்பு ஒயர் கிடைச்சா அதுதான், போட்ல நாங்க அதைத்தான் இழுக்கிறோம்.

கீழக்கரை ரேடியோ செட்:
சரியாச் சொன்னீங்க. ஸ்பீக்கர்லயும் அலுமினிய பாஸ்கெட் (கோனைத் தாங்குற கூடு), ரப்பர் ஓரமாப் பாருங்க. தகர பாஸ்கெட் பெயின்ட் உரிஞ்ச இடத்துல உப்புக்காத்து புகுந்துரும். கதவு வேலைய முதல்ல முடிங்க. பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டி அதே தவிலப் போட்டுக் கேளுங்க, அதுக்கப்புறம் கடைக்குப் போங்க.

மண்டபம் டிசையர்:
சரி காக்கா. சனி, ஞாயிறு சவாரி இருக்கு, திங்கட்கிழமை கதவைப் பிரிக்கிறேன். ராம்நாட்ல பியூட்டைல் ஷீட் எந்தத் தெருவுல கிடைக்கும், யாராவது சொல்லுங்க.